டிசைன் வேலைக்கு மலிவு லேப்டாப்: காசு போகக்கூடாத இடங்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு புடவைக் கடைக்குத் தீபாவளி போஸ்டர் செய்து கொடுத்தேன். அரக்கு நிறப் பட்டு, மாம்பழ மஞ்சள் பார்டர். என் லேப்டாப்பில் அந்த அரக்கு சோகை பிடித்தது போலத் தெரிந்ததால், நிறச் செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கண்ணுக்குத் திருப்தியானதும் அனுப்பிவிட்டேன். கடைக்கார அக்கா கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். "தம்பி, இது எங்க கடைப் புடவையே இல்லையே. தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கு." உண்மைதான். ஜரிகை வேலைப்பாடெல்லாம் ஒரே சிவப்புக் குழம்பாகிக் கிடந்தது.

அந்த லேப்டாப்பை 1,100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியபோது பிராசசர் என்ன, மெமரி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டவன் நான். திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியை வைத்துக்கொண்டு டிசைன் வேலைக்கு லேப்டாப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

திரையைக் கடைசியில் பார்ப்பது

விவரத் தாளில் திரைக்கு நேராக "45% என்டிஎஸ்சி" என்று ஒரு வரி இருந்தால், அந்த லேப்டாப்பை அங்கேயே வைத்துவிடுங்கள். என்டிஎஸ்சி ஒரு பழைய நிற அளவு. இணையத்துக்கும் சாதாரணத் திரைகளுக்கும் பொதுவான நிற அளவு எஸ்ஆர்ஜிபி. அதில் ஏறக்குறைய 60-65 சதவீதத்தைத்தான் இந்த வகைத் திரை காட்டும். மிச்ச நிறங்கள் கோப்பில் இருக்கும், உங்கள் கண்ணுக்கு மட்டும் வராது. நிறம் குறைவாக இருக்கிறது என்று நினைத்து நீங்கள் கூட்டுவீர்கள். நல்ல திரை வைத்திருக்கிற வாடிக்கையாளருக்கு அது தீயணைப்பு வண்டியாகத் தெரியும். "72% என்டிஎஸ்சி" அல்லது "100% எஸ்ஆர்ஜிபி" என்று இருந்தால் நம்பலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பெயர், ஒரே தோற்றம் கொண்ட லேப்டாப் இரண்டு மூன்று வகைத் திரைகளோடு விற்பனைக்கு வரும். விமர்சன வீடியோவில் பார்த்தது நல்ல திரை. கடையில் பெட்டிக்குள் இருப்பது வேறாக இருக்கலாம். அதனால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். விற்பனையாளர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் சிரித்துவிட்டுத் தேடலைத் தொடருங்கள்.

'ஐபிஎஸ்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது என்பதுதான் ஐபிஎஸ் சொல்லும் செய்தி. அது 45 சதவீதத் திரையாகவும் இருக்கலாம். வெளிச்சம் 300 நிட்ஸாவது இருக்கட்டும். 250 என்றால் பகலில் கண்ணாடிச் சுவர் ஓரம் உட்கார்ந்து வேலை செய்வது சிரமம். 16:10 வடிவம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கருவிப் பட்டைகளுக்கு நல்ல இடம்.

பிடித்த லேப்டாப்பில் திரை மட்டும் சுமார் என்றால் ஒரு வழி இருக்கிறது. 200 வெள்ளி அளவில் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர், முழு எஸ்ஆர்ஜிபியோடு, கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைதான் அதிகம் என்றால் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் சின்ன மேசைக்கு அது போதும். நிறத்தை அதில் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப் திரையில் அடுக்குகளின் (லேயர்களின்) பட்டியல் கிடக்கட்டும்.

"8 ஜிபி போதும், அப்புறம் கூட்டிக்கலாம்"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ3 அளவு போஸ்டர், அங்குலத்துக்கு 300 புள்ளி: 3,508 பெருக்கல் 4,961. ஒன்றே முக்கால் கோடி புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கான நான்கு நிற முறையில் புள்ளிக்கு 4 பைட். முழுப் பக்கத்தையும் அடைக்கும் ஒரே ஓர் அடுக்குக்கு 70 மெகாபைட். அப்படி முப்பது அடுக்கு போட்டால் 2 ஜிபியைத் தாண்டிவிடும். கோயில் விழாவுக்கு 85 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் நிற்கும் பேனர் கேட்பார்கள். 150 புள்ளியில் செய்தாலும் அடுக்குக்கு 237 மெகாபைட். இதோடு விண்டோஸ், பிரவுசரில் திறந்து கிடக்கும் இருபது பக்கம், வாட்ஸ்அப், பின்னணியில் பாட்டு. ஃபோட்டோஷாப்புக்கு அடோபி சொல்லும் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16. குறைந்தபட்சம் என்பதைத் 'திறக்கும்' என்று படியுங்கள்.

அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்பது பல மெல்லிய லேப்டாப்களில் நடக்காது. மெமரியை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். மேக்புக் ஏரில் கூட்டுவதற்கு வழியே இல்லை. ஆப்பிளே 2024 அக்டோபரில்தான் மேக்புக் ஏரின் ஆரம்ப மெமரியை 8-லிருந்து 16 ஜிபிக்கு உயர்த்தியது. பழைய எம்1 ஏர் இன்றும் நல்ல பேரத்தில் வருகிறது, திரையும் அருமை. ஆனால் அதிகம் கிடைப்பது 8 ஜிபி மாடல். விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் மெமரி ஒரே குச்சியா, இரண்டா என்றும் கேளுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் படம் வரையவும் இதே மெமரியைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே குச்சி என்றால் தகவல் போகும் பாதை பாதியாகிவிடும். சேமிப்பு 512 ஜிபி, எஸ்எஸ்டி. 'இஎம்எம்சி' (மெதுவான சேமிப்பு வகை) என்ற சொல்லைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

ஸ்டிக்கரும் வானவில் விளக்கும்

எங்கள் புளோக்கில் பாலிடெக்னிக்கில் டிசைன் படிக்கும் தம்பி ஒருவன் கேமிங் லேப்டாப் வாங்கினான். கீபோர்டில் வானவில் ஓடும். எடை இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜர் செங்கல் மாதிரி. காலை எம்ஆர்டி ரயில் நெரிசலில் அதைச் சுமந்து போய், வகுப்பில் பிளக் பாயின்ட் தேடுவதிலேயே அவன் முதல் பருவம் முடிந்தது. அவன் செய்வது லோகோ, போஸ்டர், சில நேரம் புத்தக வடிவமைப்பு. இல்லஸ்ட்ரேட்டருக்கும் இன்டிசைனுக்கும் அவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. வீடியோ, மோஷன் கிராபிக்ஸ், பிளெண்டரில் முப்பரிமாணம் என்று போகிறவர்களுக்கு அது தேவை. அவர்கள் தாராளமாக வாங்கலாம். அவர்களும் திரையைப் பார்த்தே வாங்கட்டும். மலிவு கேமிங் லேப்டாப்களில் அந்த 45 சதவீதத் திரை சர்வ சாதாரணம்.

'ஐ7' என்ற இன்டெல் பிராசசர் ஸ்டிக்கரும் இப்படித்தான். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம். ஐ7-7500 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-1235 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பின்னதே வேகம். ஏழாம் தலைமுறை லேப்டாப்கள், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆபீஸில் கழித்துக்கட்டிய ஐ7 முந்நூறு வெள்ளி என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள்.

தமிழ் எழுத்து உடைவது

நமக்கென்றே இருக்கும் தலைவலி இது. கடைக்காரருக்கும் தெரியாது, ஆங்கில விமர்சனங்களிலும் வராது. லேப்டாப்பை வாங்கி, சந்தா கட்டி, 'தொழில்' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். லேப்டாப்பே பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும். அடோபி மென்பொருள்களில் 'வேர்ல்ட்-ரெடி' என்ற எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்; ஃபோட்டோஷாப்பில் அது எழுத்துக்கான அமைப்புகளுக்குள் இருக்கும். இலவச இங்க்ஸ்கேப்பில் தமிழ் ஒழுங்காக வரும். சந்தாவுக்குப் பயந்து அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளுக்குப் போனவர்கள் இரண்டாம் பதிப்பு வரை இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே எந்த மென்பொருளில் வேலை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு லேப்டாப்புக்கு வாருங்கள். குரோம்புக் மலிவுதான், டெஸ்க்டாப் ஃபோட்டோஷாப் அதில் ஏறாது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பழைய பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பாமினி என்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பத்து வருடக் கோப்பு வைத்திருக்கும் அச்சக வேலைக்காரர்கள், அதை யூனிகோடுக்கு மாற்றும் அவர்களுடைய மென்பொருள்கள் புதிய லேப்டாப்பில் ஓடுமா என்று முதலில் சோதித்துக்கொள்வது நல்லது.

சந்தாவையும் பட்ஜெட்டில் சேருங்கள். அடோபியின் மாதாமாதம் கட்டும் வருடத் திட்டத்தை நடுவில் நிறுத்தினால் மிச்சத் தொகையில் பாதியைக் கட்டச் சொல்வார்கள்.

எங்கே வாங்குவது என்பதிலும்

பேட்டைக் கடைத்தொகுதிகளின் கீழே கூடாரம் போட்டு, இரண்டு வருட இணையச் சந்தாவுக்கு லேப்டாப் இலவசம் என்பார்கள். எந்த லேப்டாப் என்று பார்த்தால் 8 ஜிபி, மங்கல் திரை. அக்கவுன்ட்ஸ் பார்க்க ஆகும்.

'எக்ஸ்போர்ட் செட்' (வேறு நாட்டுச் சந்தைக்கென வந்தது) விலை குறைவு. உள்ளூர் உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மலேசியாவின் ஜொகூரில் வாங்கி வரலாம் என்பவர்களுக்கு: 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் 100 வெள்ளிக்குத்தான் வரி விலக்கு. மிச்சத்துக்கு 9 சதவீதப் பொருள் சேவை வரி கட்டியாக வேண்டும். வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த 100-ம் கிடையாது.

பழையது வாங்கினால் தப்பில்லை. ஆனால் யாரிடம் என்பது முக்கியம். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'லெமன் சட்டம்' (குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான பாதுகாப்பு) கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. கரோசல் விற்பனைத் தளத்தில் ஒரு தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. எம்ஆர்டி நிலைய வாசலில் ஐந்து நிமிடத்தில் கைமாற்றிக்கொள்ளாமல், பிளக் உள்ள ஏதாவது கோப்பிக்கடையில் உட்காருங்கள். மேக்புக் என்றால் விற்பவர் தன் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்ணெதிரே முழுதாக அழித்து, இணையத்தில் இணைத்துத் திறந்து காட்டட்டும். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று திரை வந்தால் அது இன்னும் ஏதோ கம்பெனியின் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். எழுந்து வந்துவிடலாம்.

எனக்கு இப்போது ஒரு பழக்கம். சிம் லிம் ஸ்குவேர், ஃபூனான் போன்ற கடைத்தொகுதிகளுக்கு யாராவது துணைக்குக் கூப்பிட்டால் ஒரு தம்ப் டிரைவ் எடுத்துப்போவேன். அதில் அந்த அரக்குப் புடவையின் திருத்தாத அசல் படம், கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் சாம்பல் பட்டை, ஒரு பக்கம் தமிழ் எழுத்து. காட்சிக்கு ஓடும் பளபள வீடியோவை நிறுத்திவிட்டு இவற்றைத் திறப்பேன். போன மாதம் ஒரு தங்கச்சிக்காகப் போனபோது 1,399 வெள்ளி லேப்டாப்பையும் 1,049 வெள்ளி லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். விலை கூடியதில் புடவை செங்கல் நிறம். குறைந்ததில் ஜரிகையை இழை இழையாக எண்ணலாம் போலிருந்தது. "அண்ணே, புடவை எந்தக் கடையில?" என்றாள் அந்தப் பெண், லேப்டாப்பை விட்டுவிட்டு.