பிராசஸ் பட்டியலுக்கு எத்தனை நடை?

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, அதாவது பிராசஸ்களை, பட்டியலிடும் பி.எஸ். கட்டளையை அடித்தால் கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்து விழுகிறது. அதற்குள் அந்த நிரல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் எத்தனை முறை போய் வந்தது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிராசஸ் விவரங்களைக் கெர்னலிடம் கேட்டு வாங்கும் இடைமுகத்தை எப்படி வடிவமைக்கலாம் என்பது அதிலிருந்தே பிடிபடும். கையில் ஒரு லினக்ஸ் கணினி இருந்தால் போதும்.

படி 1. டெர்மினலைத் திறந்து, ரூட்டுக்கு (எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே இருப்பது) நேர் கீழே இருக்கும் ப்ராக் கோப்புறைக்குப் போங்கள். எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகள் வரிசையாகத் தெரியும். ஓர் எண், ஒரு பிராசஸ். இவை எதுவும் டிஸ்க்கில் இல்லை. நாம் படிக்கும் நொடியில் கெர்னல் எழுதித் தருகிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் எட்டாம் பதிப்புக்காக டாம் கில்லியன் உருவாக்கி, 1984-ல் கட்டுரையாக வெளியிட்ட யோசனை இது. அதற்கு முன் பி.எஸ். கெர்னலின் நினைவகத்தையே நேராகத் துழாவியது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். கெர்னலின் உள்ளமைப்பு மாறினால் பி.எஸ்.ஸையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

படி 2. ஏதாவது ஓர் எண்ணுக்குள் நுழைந்து, ஸ்டாட் என்ற கோப்பை கேட் கட்டளையால் படியுங்கள். ஒரே வரி, இடைவெளி விட்டு எண்கள். இரண்டாவதாக, அடைப்புக்குறிக்குள் பிராசஸின் பெயர். இங்கேதான் புதியவர்கள் பலர் வழுக்குகிறார்கள். பெயருக்குள்ளேயே இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம். அதனால் வரியை இடைவெளியில் வெட்டாதீர்கள். கடைசியாக வரும் மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பின்னால் இருந்து எண்ணுங்கள். கெர்னல் எண்ணை எழுத்தாக்குகிறது, நாம் எழுத்தை மறுபடி எண்ணாக்குகிறோம். இரண்டு பக்கமும் வீண் உழைப்பு.

படி 3. இப்போது எண்ணுவோம். பி.எஸ். கட்டளைக்கு முன்னால் ஸ்ட்ரேஸ் என்ற கருவியை, சிறிய சி தெரிவோடு சேர்த்து ஓட்டுங்கள். எந்த சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்டுப் போகும் அழைப்பு) எத்தனை முறை நடந்தது என்ற கணக்கு கடைசியில் வரும். திற, படி, மூடு என்று கோப்புக்கு மூன்று. ஒரு பிராசஸுக்கு இரண்டு கோப்பு என்றால் ஆறு. 300 பிராசஸ் ஓடினால் 1,800. உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று மளிகைக் கடைக்கு அலைவது போலத்தான். நடந்து முடிப்பதற்குள் சில பிராசஸ்கள் முடிந்தும் போயிருக்கும். 'கோப்பு இல்லை' என்ற பதிலைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போக வேண்டும்.

படி 4. யூனிக்ஸ் வழிவந்த இன்னோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி வேறு வழியில் போகிறது. சிஸ்கன்ட்ரோல் அழைப்பு ஒன்றிலேயே எல்லா பிராசஸ்களின் விவரமும், எழுத்தாக்காமல், பைனரி வரிசையாக வந்துவிடும். முதலில் அளவு கேட்டு, அப்புறம் இடம் ஒதுக்கி, மறுபடி கேட்க வேண்டும். நடுவில் புது பிராசஸ்கள் பிறக்கலாம் என்பதால் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள்; பற்றவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். குறை என்னவென்றால், பெயர் மட்டும் வேண்டும் என்றாலும் முழு மூட்டையும் வரும். லினக்ஸிலும் 2015-ல் ஆண்ட்ரே வாகின் டாஸ்க் டயாக் என்ற பெயரில் மொத்தமாகத் தரும் வழியொன்றை முன்மொழிந்தார். அது பிரதான கெர்னலில் சேரவில்லை.

படி 5. சரி, உங்கள் இடைமுகத்தைத் தாளில் எழுதுங்கள். வேண்டிய விவரங்களை மட்டும் குறிக்க ஒரு பிட் வரிசை (ஒரு விவரத்துக்கு ஒரு பிட்). விட்ட இடத்திலிருந்து தொடர, கடைசியாக வந்த பிராசஸ் எண். ஒவ்வொரு பதிவின் தலையிலும் அதன் அளவு. நாளைக்குப் புது விவரம் சேர்ந்தாலும் பழைய நிரல் உடையாது. இன்னொன்றை என்னால் விட்டுக்கொடுக்கவே முடியாது: பிராசஸ் தொடங்கிய நேரம். எண்கள் சுழன்று மறுபடி வரும். பட்டியலில் பார்த்த 4,210-ஐ நிறுத்தப் போகும்போது, அந்த எண்ணில் வேறொரு பிராசஸ் உட்கார்ந்திருக்கலாம். எண்ணும் தொடங்கிய நேரமும் சேர்ந்தால்தான் அடையாளம். லினக்ஸில் அந்த நேரம் ஸ்டாட் வரியில், தொடக்கத்திலிருந்து எண்ணினால், 22-வது இடத்தில் இருக்கிறது. படி 2-ல் திறந்த அதே கோப்பில் எண்ணிப் பாருங்கள்.