சொந்தமாக மோட்டார் வண்டி கட்டும்போது கணக்கு சறுக்கும் இடங்கள்

பின்சக்கரத்தைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டு சுவிட்சைப் போட்டால் சக்கரம் விர்ரென்று சுற்றும். பேட்டரியில் ஓடும் என் முதல் வண்டியை அப்படித்தான் சோதித்தேன். கீழே இறக்கி ஏறி உட்கார்ந்தபோது மோட்டார் முனகியது, வண்டி அசையவில்லை, கொஞ்ச நேரத்தில் மோட்டார் சுருளின் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்குச் சுமையே கிடையாது, அதனால் அந்தச் சோதனை செயின் ஓடுகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும்.

மோட்டாரில் 500 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு 'இது போதும்' என்று முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. எதற்குப் போதும்? ஆளோடு சேர்த்து வண்டி 120 கிலோ, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேடு என்று வையுங்கள். புவியீர்ப்பு பின்னால் இழுப்பது சுமார் 118 நியூட்டன், டயர் உருளும் தடை இன்னொரு 24, ஆக 142. சக்கரத்தின் ஆரம் 20 செ.மீ. என்றால் அச்சில் 28 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) வேண்டும். 2500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2500 சுற்று) ஓடும் 500 வாட் மோட்டார் தருவதோ 1.9 தான் (வாட்டை 9.55-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் வரும்). சரி, ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) வைத்துச் சுற்றை 15 மடங்கு குறைத்தால் டார்க் கிடைத்துவிடும், ஆனால் வேகம் மணிக்கு 12 கி.மீ. சொச்சத்துக்கு இறங்கிவிடும், செயினில் போகும் இழப்பைச் சேர்த்தால் அதுவும் குறையும். பல்சக்கரம் டார்க்கைக் கூட்டும், திறனை (வாட்டை) ஒருபோதும் கூட்டாது. அதே மேட்டில் 30 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் பல் எண்ணிக்கையை எப்படி மாற்றினாலும் வராது, பெரிய மோட்டார்தான் வழி.

அடுத்தது, மோட்டார் நின்றிருக்கும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 24 வோல்ட்டில் 500 வாட் என்றால் 21 ஆம்ப், அதற்குத் தகுந்த வயர் போதும் என்று நினைப்போம். ஆனால் மோட்டார் சுற்றும்போதுதான் பேட்டரியை எதிர்க்கும் மின்னழுத்தம் உருவாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுவிட்ச் போட்டும் சுற்றாமல் நிற்கும்போது சுருளும் வயரும் சேர்ந்து 0.2 ஓம் என்றால் 120 ஆம்ப் பாயும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், சுமார் 33 மடங்கு சூடு! என் மோட்டார் கருகியது இதனால்தான். மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கும் கண்ட்ரோலர் கட்டாயம் வேண்டும், அப்புறம் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ், பேட்டரிக்கும் அதற்கும் இடையில் தேய்ந்து ஷார்ட் ஆகும் வயரைக் காப்பாற்றாது.

சக்கரத்தில் டைனமோ மாட்டி ஓடிக்கொண்டே பேட்டரியை சார்ஜ் செய்யலாம் என்ற யோசனை வந்தால் உடனே விட்டுவிடுங்கள். அந்த மின்சாரம் உங்கள் பேட்டரியிலிருந்தேதான் வருகிறது, வழியில் குறைந்து திரும்புகிறது.

வளைவையும் மறக்கிறோம். சக்கரங்களுக்கு இடையே 80 செ.மீ. அகலம், புவியீர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் இருக்கிற நான்கு சக்கர வண்டி, 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கி.மீ. வேகம் தாண்டினாலே உள்பக்கச் சக்கரம் தூக்க ஆரம்பிக்கும். பேட்டரியைத் தரையை ஒட்டிக் கீழே வையுங்கள், சீட்டையும் இறக்குங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது பிரேக். 20 கி.மீ. வேகத்துக்குச் செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு 40-க்குப் போகிறார்கள். வேகம் இரண்டு மடங்கு, ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு, நிற்கும் தூரமும் நான்கு மடங்கு. அதோடு பிரேக்கைத் தொடுவதற்கு முன் நீங்கள் யோசிக்கும் ஒரு வினாடியிலேயே வண்டி 11 மீட்டர் போய்விடும். அதனால் மோட்டாரைப் பொருத்தும் முன்பே பிரேக்கை மாட்டி, ஆள் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை ஓடிவந்து தள்ளச் சொல்லுங்கள். நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வயரைக் கையில் எடுங்கள்.