நிறம் போனால் நஞ்சு போய்விட்டதா? ஆற்று நீர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சாயக்கழிவையும் வாங்கிக்கொண்டு நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. ஆற்றில் கலந்த சாயம் சிதைகிறதா என்று பார்க்க, வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு இந்த ஆற்றை எடுப்பது நல்ல விஷயம். உழைத்து எடுத்த முடிவு சில தவறுகளால் வீணாகிவிடக் கூடாது.

முதல் தவறு, நிறம் வெளுத்ததும் "சாயம் சிதைந்துவிட்டது" என்று எழுதிவிடுவது. துணிக்குப் போடும் சாயங்களில் ஒரு பெரிய வகையான அசோ சாயங்களின் நிறத்துக்குக் காரணம் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா அதை அறுத்துவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் மிச்சமாவது நிறமில்லாத அரோமாட்டிக் அமீன்கள், அதாவது பென்சீன் வளையத்தோடு நைட்ரஜன் சேர்ந்த பொருள்கள். அவற்றில் பென்சிடின் போன்றவை புற்றுநோயை உண்டாக்கும். நிறத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இது தெரியாது. தண்ணீரில் உள்ள கரிமப் பொருள்களின் மொத்தக் கார்பன் (TOC) எவ்வளவு குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். எண்டோசல்ஃபான் கதையும் இதேதான். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த அந்தப் பூச்சிக்கொல்லி, மண்ணில் எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாறும். நஞ்சு குறையாது, ஆயுசுதான் கூடும்.

அடுத்தது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் சாயத்தின் அளவு குறைந்திருப்பதைச் சிதைவு என்று நினைப்பது. நடுவில் ஓர் ஓடை வந்து சேர்ந்திருந்தாலே அளவு குறையும். இதைப் பிரித்துப் பார்க்கக் குளோரைடு கைகொடுக்கும். அது சிதையாது, சாயக்கழிவில் உப்பும் நிறைய இருக்கும். ஆற்றின் மேற்பகுதியில் எடுத்த மாதிரியிலும் கீழ்ப்பகுதியில் எடுத்த மாதிரியிலும் சாயம், குளோரைடு இரண்டையும் அளந்து பாருங்கள். சாயமும் குளோரைடும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், நடந்தது வெறும் நீர்ப்பு, அதாவது வேறு தண்ணீர் கலந்து நீர்த்துப்போனது. சாயம் கூடுதலாகக் குறைந்திருந்தால் மட்டும் மேற்கொண்டு யோசிக்கலாம். அப்போதும் அது அடிச்சேற்றில் ஒட்டியிருக்கலாம், ஆகவே சேற்றையும் சோதிக்க வேண்டும்.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா விளக்கில் ஒரு பொருள் சீக்கிரம் உடைந்தால், ஏற்காடு ஏரியிலும் அப்படியே உடையும் என்று சொல்ல முடியாது. தரையை எட்டும் வெயிலில் 290 நானோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய எந்தக் கதிரும் கிடையாது. மொட்டை மாடி வெயிலில் வைத்தால் குவார்ட்ஸ் குழாய் நல்லது; சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும்.

டிஸ்டில்ட் வாட்டரோடு நிறுத்துவதும் போதாது. ஆற்று நீரில் இருக்கும் நைட்ரேட் வெயில் பட்டதும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (radicals) என்னும் தீவிரமாக வினைபுரியும் துகள்களை உருவாக்கிச் சிதைவைத் தூண்டும். பைகார்பனேட்டோ அவற்றைப் பிடித்து விழுங்கிவிடும். இலைதழை மக்கி வந்த பழுப்புப் பொருள் ஒரு பக்கம் வெளிச்சத்தை மறைக்கும், இன்னொரு பக்கம் வினையைத் தூண்டும். எது மேலோங்கும் என்பது அந்தந்தத் தண்ணீரைப் பொறுத்தது.

அப்புறம், அலுமினியத் தாள் சுற்றிய ஒரு பாட்டிலை வெயில் பாட்டில் பக்கத்திலேயே வையுங்கள். இருட்டிலும் சாயம் குறைந்தால் அது வெயிலின் வேலை இல்லை. பாக்டீரியாவாக இருக்கலாம், பாட்டில் சுவரில் ஒட்டியதாகவும் இருக்கலாம். பாக்டீரியாவைப் பிடித்துவிடும் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த மாதிரி ஒன்றையும் இருட்டில் சேர்த்து வைத்தால், அந்த இரண்டில் எது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.