ஸ்டிக்கரை உரித்தால் காருக்கு அழகு

கார் கம்பீரமாகத் தெரியப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய ஸ்டிக்கர்களை உரித்துவிடுங்கள். வேலூர் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் காரை நிறுத்தினால் பசை இளகிவிடும். ஓரத்தை நகத்தால் கிளப்பி, பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் துண்டு துண்டாகக் கிழியும். எஞ்சிய பிசுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். எண்ணெய் பசையை இளக்கும், பெயின்டைக் கெடுக்காது. பிறகு ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பிளேடு மட்டும் வேண்டவே வேண்டாம்!

மறுபடி பெயின்ட் அடித்த இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பெயின்டும் சேர்ந்து வந்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த இடத்தில் நிற வேறுபாடு தெரியும், அதற்குப் பாலிஷ் போட்டுப் பார்க்கலாம். முன்கண்ணாடியில் உள்ள ஃபாஸ்டேக்கைத் தொடாதீர்கள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் அது வேண்டும்.