கிரேலிங் மீனுக்கு டேக் போடறது எப்படி: வடக்கு அலாஸ்காவுக்கு முதல் தடவை போறவங்களுக்கு

கிரேலிங் குளிர்ந்த தண்ணில வாழற ஒரு ஆத்து மீன், டேக்குங்கறது அதே மீனைத் திரும்ப அடையாளம் கண்டுபிடிக்க அது வயித்துக்குள்ள வைக்கற குட்டி நம்பர் குப்பி. டேக் போடறது ரெண்டு நிமிஷ வேலை, ஒரு மத்தியானத்துல கத்துக்கலாம். ஆனா டேக் போட்ட மீன் அடுத்த வருஷமும் அதே ஆத்துல நீந்திட்டிருக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நான் சொல்றது குபாருக் ஆறு. ஃபேர்பேங்ஸ்லேர்ந்து வடக்கே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், ப்ரூக்ஸ் மலையைத் தாண்டி இறங்கினா டூலிக் ஏரி வரும், அலாஸ்கா பல்கலைக்கழகத்தோட ஃபீல்டு ஸ்டேஷன் 1975லேர்ந்து அங்க இருக்கு, பக்கத்துலதான் இந்த ஆறு. 1983ல ஆரம்பிச்சு பல வருஷம் கோடைக்குக் கோடை இதுல பாஸ்பரஸை சொட்டுச் சொட்டா விட்டு என்ன ஆகுதுன்னு பாத்தாங்க. முதல்ல பாசி பெருகுச்சு, பூச்சி பெருகுச்சு, கிரேலிங்கும் நல்லா வளந்துச்சு, அப்புறம் சில வருஷம் கழிச்சு ஆத்தோட அடியையே பாய் மாதிரி மாஸ்ங்கற குட்டிச் செடி மூடிடுச்சு, கதையே மாறிடுச்சு. இன்னொண்ணும் தெரிஞ்சுது, ஆத்துல தண்ணி நிறைய ஓடற வருஷம் பெரிய மீனுங்க நல்லா வளருது, தண்ணி குறைஞ்சு வெதுவெதுன்னு இருக்கற வருஷம் அந்த வருஷத்துக் குஞ்சுங்க நல்லா வளருது. ரெண்டு வருஷம் அளந்தா இதெல்லாம் புரியவே புரியாது. அதே மீனைத் திரும்பத் திரும்பப் பிடிச்சு அளக்கணும். இங்க ஒரு கிரேலிங் ஒரு அடி வளரவே பல வருஷம் ஆகுது, கோடையே ரெண்டு மூணு மாசம்தான், அதனால உங்க கையில இருக்கறது வயசான உயிரு, அந்த நினைப்போட தொடுங்க.

பேப்பர் வேலை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மீன் பிடிக்க அலாஸ்கா மாநில மீன்வளத் துறையோட ஆராய்ச்சி அனுமதி, உங்க பல்கலைக்கழகத்துல விலங்கு நலக் கமிட்டி ஒப்புதல், நிலம் மத்திய அரசோடதுங்கறதால அதைப் பாத்துக்கற பிஎல்எம் அலுவலகத்தோட அனுமதி, இது மூணும் குளிர்காலத்துலயே கையில வந்திருக்கணும். ஏப்ரல்ல ஆரம்பிச்சா ஜூன் போயிடும், ஜூன் போச்சுன்னா அந்த வருஷமே போச்சு.

அங்க போற ரோடு டால்ட்டன் ஹைவே. அதுல போறப்போ ஹெட்லைட் எப்பவும் எரியணும், ஸ்டெப்னி ரெண்டு வேணும், லாரிக்காரங்க பேசறதைக் கேக்க சிபி ரேடியோல 19வது சேனல் வச்சுக்கோங்க. எதிர்ல லாரி வந்தா வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டுங்க, ஜல்லி பறந்து வந்து கண்ணாடில அடிக்கும். வழியில வர்ற கோல்டுஃபுட்ல டேங்கை ரொப்பிடுங்க, அதுக்கு அப்புறம் டெட்ஹார்ஸ் வரைக்கும் 386 கிலோமீட்டருக்கு பெட்ரோல் பங்க் கிடையாது. கரடி ஸ்ப்ரேயை ஃப்ளைட்ல விட மாட்டாங்க, ஃபேர்பேங்ஸ்லதான் வாங்கணும், வாங்கினதை பேக்குக்குள்ள போட்டுடாதீங்க, நெஞ்சுலயோ இடுப்புலயோ மாட்டிக்கோங்க, வேணுங்கறப்போ ஜிப்பைத் திறக்க நேரம் இருக்காது.

அப்புறம் உடுப்பு. நெஞ்சு வரைக்கும் வர்ற வேடர், அதாவது தண்ணில இறங்கி நிக்கறதுக்கான நீர் புகாத உடுப்பு, வேணும், மேல பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்க, விழுந்தா உள்ள தண்ணி ரொம்பாம இருக்கறது அந்த பெல்ட்டாலதான். அடியில கம்பளி ஒட்டின ஷூவைக் கொண்டு வராதீங்க, 2012ல அலாஸ்காவுல நன்னீர்ல மீன் பிடிக்கறவங்க அதைப் போடக் கூடாதுன்னு தடை போட்டாங்க, ஏன்னா வேற ஊர் ஆத்துப் பாசியும் நோயும் அந்தக் கம்பளில ஒளிஞ்சுக்கிட்டு வரும். ரப்பர் அடிதான், அதையும் ஒவ்வொரு ஆத்துக்கும் நடுவுல தேச்சுக் கழுவிக் காய வைங்க. நடக்கறதுக்கும் தெம்பு வேணும், தரை முழுக்க புல்லு குட்டிக் குட்டித் திட்டா நிக்கும், மேல மிதிச்சா சாயும், நடுவுல மிதிச்சா தண்ணி, ஒரு கிலோமீட்டர் போறதுக்குள்ள ரோட்டுல மூணு கிலோமீட்டர் நடந்த அசதி வந்துடும். மழை பேஞ்சா ஆத்தைக் கவனிங்க. கோடையில மேல அரை மீட்டர் மண்ணுதான் இளகியிருக்கு, கீழ எப்பவும் உறைஞ்ச நிலம், மழைத் தண்ணி இறங்க வழி இல்லாம நேரா ஆத்துக்கு வந்துடும். காலையில முழங்கால் ஆழத்துல தாண்டின இடம் சாயங்காலம் இடுப்புக்கு வந்துடுச்சுன்னா கரையிலயே உக்காந்து சாட்டிலைட் மெசேஜ் போட்டுட்டு வடியற வரைக்கும் காத்திருங்க, கூச்சப்படாதீங்க.

கொசு பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, ஜூன் கடைசிலேர்ந்து ஜூலை பூரா தலைக்கு வலை இல்லாம நிக்க முடியாது. நான் சொல்ல வர்றது வேற, கொசு மருந்தும் சன்ஸ்க்ரீனும் உள்ளங்கையில பட்டு அந்தக் கையால மீனைத் தொடாதீங்க. துணி மேல அடிச்சுக்கோங்க, கையை ஆத்து மணல் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு அப்புறம் தொடுங்க.

இப்போ மீன் பிடிக்கறது. இந்த ஆத்துத் தண்ணில உப்புச் சத்து ரொம்பக் கம்மி, கரண்ட் ஓடாது, அதனால தண்ணில கரண்ட் விட்டு மீனைப் பிடிக்கற எலக்ட்ரோஃபிஷிங் இங்க சரியா எடுபடறதில்ல, தூண்டில்தான் நல்லது. கிரேலிங் மேல மிதக்கற பூச்சியைப் பாத்தா தாவி வரும், அதனால பூச்சி மாதிரி செஞ்ச ஃப்ளை மாட்டின தூண்டில் போதும். முள்ளுல பின்பக்கம் திரும்பியிருக்கற சின்னக் கூர்ப்பை பிளையரால அமுக்கி மட்டமாக்கிடுங்க, அப்பதான் கழட்டறப்போ வாய் கிழியாது. எத்தனை பேர் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்கன்னும் எழுதி வைங்க, மீனே சிக்காத நாளையும் சேத்து. வெயில் அடிக்கற ஜூலை மத்தியானத்துல தண்ணி சூடாயிருந்தா நிறுத்திடுங்க, அங்க வெளிச்சம் போறதே இல்ல, காலையில 5 மணிக்கு வந்து பிடிக்கலாமே.

பிடிச்ச மீனை நைலான் முடிச்சு இல்லாத ரப்பர் கைவலையில தண்ணிக்குள்ளயே வச்சிருங்க. முதல் தடவை பக்கத்துல பாக்கறப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் செய்யத் தோணாது, அந்த முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி விரியும், அதுல நீலமும் சிவப்புமா வரிசை வரிசையா பொட்டு, விலா வெள்ளியும் ஊதாவுமா மாறி மாறி மின்னும். இனுபியாட் மக்கள் இதை சுலுக்பௌகக்னு சொல்லுவாங்க. பாத்தது போதும், வேலைக்கு வாங்க.

டேக் போடறதுக்கு முன்னாடி மீனை மருந்து கலந்த தண்ணில விட்டு மயக்கணும். மயக்க மருந்து எம்எஸ்-222ன்னா ரெண்டு விஷயம். அது தண்ணியைப் புளிப்பாக்கும், இந்த ஆத்துத் தண்ணிக்கு அதைச் சமாளிக்கற சத்து கிடையாது, அதனால பேக்கிங் சோடா கட்டாயம் சேக்கணும், சேத்துட்டு பிஹெச் பாத்துட்டுத்தான் மீனை விடணும். ரெண்டாவது, அந்த மருந்து பட்ட மீனை 21 நாளைக்கு மனுஷங்க சாப்பிடக் கூடாதுன்னு விதி. டால்ட்டன் ரோட்டோரமா தூண்டில் போட்டுச் சாப்பிடறவங்க இருக்காங்க, அதனால எந்த மருந்து, எந்த அளவுங்கறதை உங்க அனுமதியில எழுதியிருக்கற மாதிரி மட்டும் செய்ங்க.

மீன் பக்கவாட்டுல சாஞ்சு செவுள் மட்டும் மெதுவா அசையறப்போ எடுங்க. நனைச்ச தொட்டில்ல படுக்க வைங்க, நனைச்ச கையால. அதோட உடம்பு மேல இருக்கற வழவழப்புதான் அதுக்கு சட்டை, காஞ்ச துணி பட்டா உரிஞ்சு வந்துடும், அங்கதான் பூஞ்சை பிடிக்கும். மூக்கு நுனிலேர்ந்து வால் கவட்டை வரைக்கும் நீளம், அப்புறம் எடை. பிட் டேக்குங்கறது கண்ணாடிக் குப்பி, பேட்டரி கிடையாது, ஆன்டெனா பக்கத்துல வந்தாத்தான் 134.2 கிலோஹெர்ட்ஸ்ல தன் நம்பரைச் சொல்லும். சின்னது 12 மில்லிமீட்டர், ஆத்துக்குக் குறுக்க போட்டிருக்கற ஆன்டெனாவுக்குக் கேக்கணும்னா பெரிய மீனுக்கு 23. டேக்கை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க, வேலை செய்யாத டேக்கை உள்ள வச்சுட்டு அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. அடிவயித்துல நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்துல, கத்தி நுனியால டேக் நுழையற அளவுக்கு மட்டும் கீறி, உள்ள குடல் படாம தலைப்பக்கமா சாய்ச்சுத் தள்ளுங்க. திரும்பவும் ஸ்கேன். டிஎன்ஏ பாக்கறதுக்கு துடுப்பு ஓரத்துல துணுக்கு வெட்டி எத்தனால்ல போடுங்க. தண்ணிக்கு வெளிய இருக்கறப்போ நீங்களும் மூச்சை அடக்கிக்கோங்க, உங்களுக்கு முட்டுறப்போ அதுக்கும் முட்டுது, தண்ணில விடுங்க.

எழுதறதுக்குத் தனி ஆள் வேணும், தண்ணி பட்டாலும் நைஞ்சு போகாத பேப்பரும் பென்சிலும். பிடிச்சிருக்கறவர் நம்பர் சொன்னா எழுதறவர் அதைத் திருப்பிச் சொல்லணும், இதுல விட்டுக்கொடுக்காதீங்க. எங்க குழுவுல ஒரு கோடையில கொசுவுக்குப் பயந்து அவசர அவசரமா முடிச்சோம், ஒரு மீனோட நீளம் நோட்டுல 372 மில்லிமீட்டர்னு இருந்துச்சு, ஒருவேளை 312ன்னு சொன்னதோ என்னவோ, அடுத்த வருஷம் அதே மீன் 5 சென்டிமீட்டர் குறைஞ்சு போயிருந்துச்சு. எது தப்புன்னு இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அந்த மீனோட ஒரு வருஷத்தையே தூக்கிப் போட வேண்டியதாச்சு. அளக்க முடியலேன்னா அளக்கலைன்னே எழுதுங்க, பூஜ்யம் போடாதீங்க.

விடறப்போ நிறைய பேர் மீனை முன்னும் பின்னும் ஆட்டுவாங்க, அது தப்பு, பின்னாடி இழுக்கறப்போ செவுளுக்குள்ள தண்ணி தலைகீழாப் போகுது. மெதுவா ஓடற இடத்துல வலைக்கூண்டு வச்சு நீரோட்டத்தைப் பாத்த மாதிரி விடுங்க. நேரா நிக்கணும், செவுள் சீரா அசையணும், வாலைத் தொட்டா விருட்டுன்னு போகணும், அதுக்கு 10 நிமிஷமோ அரை மணி நேரமோ, கூட நில்லுங்க.

வேலை கோடையோட முடியறதில்ல. குளிர்காலத்துல ஆறு உறைஞ்சுடும், அதுக்கு முன்னாடி மீனுங்க மேல கிரீன் கேபின் ஏரிக்கு ஏறிடும், வறண்ட வருஷம்னா நடுவுல சில இடத்துல தண்ணி ஜல்லிக்கு அடியில போயிடும், மீன் வழியில்லாம குட்டைல மாட்டிக்கும். அதனால ஆகஸ்ட்ல ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆன்டெனா பேட்டரியும் சோலார் பேனலும் சரியா இருக்கான்னு பாருங்க, ஒரு டேக்கைக் குச்சில கட்டி ஆத்துக்குக் குறுக்க இந்தக் கரைலேர்ந்து அந்தக் கரை வரைக்கும், மேலயும் அடியிலயும், இழுத்துப் பாருங்க, எங்க கேக்கலையோ அந்த இடத்தை மேப்ல குறிச்சு வைங்க.