மார்செயில் செலவில்லாமல் சுற்ற: முதலில் காற்றைப் பாருங்கள்

பிரான்ஸின் மார்செய் நகரில் பார்க்கத் தகுந்தவற்றில் பாதிக்கு மேல் திறந்தவெளியில் இருக்கின்றன. அவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பஸ், மெட்ரோ டிக்கெட்டும் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடும்தான் செலவு. ஆனால் எந்த இடத்துக்கு எந்த நாளில் போவது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கக் கூடாது. இந்த ஊரில் அதைக் காற்று தீர்மானிக்கிறது.

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் காற்றுக்கு மிஸ்ட்ரல் என்று பெயர். அது வீசும் நாளில் பெரும்பாலும் மேகம் ஒன்றுகூட இருக்காது; வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். விடுதி ஜன்னலில் பார்த்தால் வெளியே கிளம்ப இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்றுதான் தோன்றும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். அன்றைக்கு மலைப்பாதை மூடியிருக்கலாம். கடல் நடுங்க வைக்கும். குன்றின் உச்சியில் நிற்கவே முடியாது.

ஆகவே முந்தின நாள் மாலையே மூன்று விவரங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, காற்றின் திசையும் வேகமும். வடமேற்கிலிருந்து மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் கடலையும் மலையையும் தள்ளிவைக்கலாம். இரண்டு, ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நாள்தோறும் அறிவிக்கப்படும் காட்டுத்தீ அபாய நிறம். சிவப்பு என்றால் மலைப்பகுதிக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. தேசியப் பூங்காவின் 'மே கலாங்க்' செயலியில் மறுநாளுக்கான நிறம் மாலையிலேயே வந்துவிடும். மூன்று, கடல்நீரின் வெப்பம். இதற்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பைக் கடைசியில் சொல்கிறோம்.

காற்றில்லாத நாள்: கலாங்க் குடாக்கள்

நகரின் தெற்கு ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. அந்தப் பாறைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் இடுங்கிய குடாக்களைத்தான் கலாங்க் என்கிறார்கள். 2012 முதல் இது தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. நகரப் பேருந்தை விட்டு இறங்கியதும் நடக்கத் தொடங்கிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி.

முதல் தடவை போகிறவர்களுக்கு சுஜித்தோன் குடா ஏற்றது. காஸ்தெலான் மெட்ரோ நிலையத்திலிருந்து பி1 பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தமான லூமினியில் இறங்குங்கள். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி அகலமான மண்பாதை பைன் மரங்களுக்கு நடுவே போகும். முக்கால் மணி நேரத்தில் கடலைப் பார்க்கும் மேடு வந்துவிடும். கீழே குடாவின் வாயில் போர்க்கப்பல் வடிவில் ஒரு சிறு பாறைத்தீவு நிற்கும். குழந்தைகளோ முழங்கால் வலி உள்ளவர்களோ கூட இருந்தால் இந்த மேட்டோடு திரும்புவதில் குறை ஒன்றுமில்லை. இந்த வழியின் சிறந்த காட்சியே அதுதான். நீர்மட்டம் வரை இறங்க இன்னும் ஏறக்குறைய அரை மணி. அந்தக் கடைசிப் பகுதியில் பாறை பலருடைய காலடி பட்டு வழவழத்துக் கிடக்கிறது. செருப்போடு இறங்காதீர்கள். அடிப்புறம் பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

கோடையில் சுஜித்தோனுக்குப் போக முன்பதிவு தேவை. எந்தெந்த நாட்களில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பதிவுக்குப் பணம் கிடையாது, ஆனால் நாளொன்றுக்கு 400 பேருக்கு மட்டும்தான் இடம். முன்பு உச்ச நாட்களில் 2,500 பேர் வரை வந்துபோனதில் மண் சரிந்து பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரியத் தொடங்கின. மண்ணுக்கு ஓய்வு கொடுக்கவே 2022-இல் இந்த ஏற்பாடு வந்தது. முறையான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். பூங்காவின் இணையதளத்தில் சில நாட்களுக்கு முன்பு பதிவு திறக்கும். விடுமுறை நாட்களுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்கும் க்யூஆர் சீட்டைப் போனில் சேமித்துவையுங்கள், பாதையில் சிக்னல் பல இடங்களில் வராது.

தண்ணீர்தான் இங்கே பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம். சுண்ணாம்புப் பாறை மழைநீரை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுவதால் பாதையில் ஊற்றும் இல்லை, குழாயும் இல்லை. கோடையில் ஆளுக்கு 2 லிட்டர் கணக்கு வையுங்கள். போகும்போது இறக்கம் என்பதால் தாகம் தெரியாது. திரும்பும்போதுதான் உச்சிவெயிலில் ஏற்றம். வெள்ளைப் பாறை கீழிருந்தும் சூட்டைத் திருப்பி அடிக்கும். பாதிக்கு மேல் தண்ணீரைத் திரும்பும் வழிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் காலை 8 மணிக்குள் நடக்கத் தொடங்கி நண்பகலுக்குள் மேலே வந்துவிடுவது நல்லது. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் இந்த அவசரம் எதுவும் இல்லை. நடப்பதற்கு உண்மையில் அவைதான் நல்ல மாதங்கள்.

மலைப்பகுதிக்குள் சிகரெட் கூடாது, அடுப்பு கூடாது. இதைச் சடங்குக்குச் சொல்லும் விதி என்று எண்ண வேண்டாம். 2025 ஜூலை 8 அன்று நகரின் வடக்கே பற்றிய தீயைக் காற்று புறநகர் வீடுகள் வரை கொண்டுவந்தது. விமான நிலையத்தையே அன்று மூட வேண்டியதாயிற்று. புகை கண்டாலோ யாராவது விழுந்தாலோ 112-ஐ அழையுங்கள். கடலில் ஆபத்து என்றால் 196.

சுஜித்தோனில் இடம் கிடைக்காவிட்டால் காலலோங்க் பக்கம் போகலாம். ரோன்-புவான் து பிராதோ மெட்ரோ நிலையத்தில் 19-ஆம் எண் பேருந்து ஏறி மத்ராக் த மோன்ரதோன் வரை, அங்கிருந்து 20-ஆம் எண்ணில் காலலோங்க் வரை. அங்கே சாலை முடிந்து கடலோரப் பாதை தொடங்கும். ஒரு மணி நேர நடையில் மார்செய்வெய்ர் குடா வரும். கூழாங்கல் கரை, வழி முழுவதும் எதிரே சிறு தீவுகள் தெரியும், நிழல் மட்டும் அறவே இருக்காது. சோர்மியூ, மோர்ஜியூ குடாக்களுக்குக் காரில் போக நினைப்பவர்கள் கவனிக்க: கோடையில் அந்தச் சாலைகளை வெளியாட்களின் வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். மோர்ஜியூ முனையின் அடியில், கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே, கோஸ்கேர் குகையின் வாய் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் பழமையான கைத்தடங்களும் விலங்கு ஓவியங்களும் உள்ளே உண்டு. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பனியுகத்தில் கடல் இன்றைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்ததால் அன்றைய மனிதர்கள் அதற்குள் நடந்தே போயிருக்கிறார்கள். மேலிருந்து அந்தப் பாறையைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

லூமினியிலிருந்து திரும்பும் வழியில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. வழிகாட்டிகள் அதிகம் சொல்லாத மசார்க் போர்க் கல்லறை. 1914 செப்டம்பர் கடைசியில் முதல் உலகப் போருக்காக பிரான்ஸ் வந்த இந்தியப் படைகள் கப்பலிலிருந்து இறங்கியது மார்செயில்தான். போர் முடியும் வரை அவர்களுக்கான தளமும் இங்கே இயங்கியது. அதில் இறந்தவர்களின் கற்களும், எரியூட்டப்பட்டவர்களுக்கான இந்திய நினைவிடமும் இந்த வளாகத்தில் உள்ளன. லூமினி சாலையிலேயே இருக்கிறது, கட்டணமில்லை. அரை மணி நேரம் ஒதுக்கிப் பெயர்களை வாசித்துவிட்டு வாருங்கள்.

மிஸ்ட்ரல் வீசும் நாள்

காற்று அடிக்கும் நாளில் பழைய துறைமுகத்தின் காலை மீன் சந்தையில் மேசைகள் குறைந்திருக்கும். சிறு படகுகள் கடலுக்குப் போயிருக்காது. சந்தையைப் பார்க்க அமைதியான நாளில் ஒன்பது மணியளவில் போங்கள், நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். படம் எடுப்பதற்கு முன் விற்பவரைப் பார்த்து 'போன்ழூர்' (வணக்கம்) சொல்லிவிட்டால் முகம் மலரும். பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் நோர்மன் ஃபோஸ்டர் 2013-இல் அமைத்த, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுக் கூரை இருக்கிறது. அடியில் நின்று அண்ணாந்தால் துறைமுகமே தலைகீழாகத் தெரியும்.

காற்றுக்கு ஒதுங்க லெ பனியே பகுதி பொருத்தம். சந்துகள் குறுகலாக வளைந்து போவதால் காற்று உள்ளே வேகமெடுக்காது. அங்கே ஏறுவதற்கு முன் துறைமுகத்தின் வடகரைக் கட்டடங்களைக் கவனியுங்கள். ஒரே மாதிரியான 1950-களின் அடுக்குமாடிகள். அவற்றின் இடத்தில் இருந்த பழைய குடியிருப்பை 1943-இல் ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. அதற்கு முன் சுமார் 20,000 பேர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மேலே எஞ்சியதுதான் இன்று நீங்கள் நடக்கும் பனியே. அதன் நடுவில் 17-ஆம் நூற்றாண்டின் ஏழைகள் இல்லமான வியேய் ஷாரித்தே இருக்கிறது. மூன்று அடுக்கு வளைவு மண்டபங்கள் சூழ்ந்த முற்றத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

அதன்பின் டிராம் ஏறி லோங்ஷான் மாளிகைக்குப் போங்கள். பெயரில் மாளிகை என்றாலும் இது தண்ணீருக்காகக் கட்டிய நினைவுச்சின்னம். 1834-35 காலராவுக்குப் பிறகு துய்ரான்ஸ் ஆற்றுநீரைக் கால்வாய் வெட்டி நகருக்குக் கொண்டுவந்தார்கள். 1849-இல் நீர் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டாடும் இந்த நீரூற்று மாளிகை 1869-இல் திறந்தது. பின்புறப் பூங்காவில் நல்ல நிழல் உண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கே பிரிக்கலாம்.

காற்று ஓய்ந்த மறுநாள்

மிஸ்ட்ரல் தூசியையும் ஈரத்தையும் துடைத்துவிட்டுப் போவதால் மறுநாள் தொலைதூரம் தெளிவாகத் தெரியும். நோத்ர்-தாம் த லா கார்த் தேவாலயக் குன்றை இந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 150 மீட்டர் உயரம். துறைமுகத்திலிருந்து அரை மணி ஏற்றம். முடியாதவர்கள் 60-ஆம் எண் பேருந்தில் ஏறி மேலேயே இறங்கலாம். மாடத்திலிருந்து நகரம், தீவுகள், தெற்கு மலைகள் எல்லாம் ஒரு சுற்றில் தெரியும். வெளிச்சுவரில் இரண்டாம் உலகப் போரின் 1944 ஆகஸ்ட் சண்டையின் குண்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. சூரியன் மறைவதைப் பார்க்க இங்கே காத்திருக்காதீர்கள், கோடையில் அதற்கு முன்பே கதவு மூடிவிடும். அதற்கு ஃபாரோ தோட்டம் சரியான இடம். துறைமுக வாயை நேரே பார்க்கும் புல்வெளி, கட்டணமில்லை. எதிர்க்கரையில் தெரியும் சேன்-ழான் கோட்டையின் தோட்டங்களும், அங்கிருந்து ம்யூசெம் அருங்காட்சியகக் கூரைக்குப் போகும் 115 மீட்டர் நடைபாலமும் இலவசம்தான். உள்ளே கண்காட்சிக்கு மட்டுமே டிக்கெட். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மாலையில் பொரெலி பூங்கா பக்கம் போனால் பெத்தாங்க் ஆடுவதைப் பார்க்கலாம். சிறு மரப்பந்தை 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் எறிந்து, இரும்புப் பந்துகளை அதன் அருகே நிறுத்த வேண்டும். 13 புள்ளி எடுக்கும் அணி வெல்லும். ஒருவர் எறியும்போது களத்தின் குறுக்கே நடக்காதீர்கள், பேச்சையும் நிறுத்திவிடுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் வந்தால் 1962 முதல் நடக்கும் பெரிய பெத்தாங்க் போட்டியையே இங்கே செலவில்லாமல் காணலாம்.

கடலில் இறங்குவதற்கு முன்

கோடையில் 23, 24 டிகிரி இருக்கும் கடல், மிஸ்ட்ரலுக்குப் பிறகு ஓரிரு நாளில் 16, 17-க்கு இறங்கிவிடும். கரையோரத்தின் சூடான மேல்நீரைக் காற்று வெளிக்கடலுக்குத் தள்ள, ஆழத்தின் குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு மேலே வருகிறது. வெளியே 32 டிகிரி வெயில் அடித்தாலும் இதுதான் நிலை. ஓடிப்போய்க் குதிக்காமல் கழுத்தையும் மார்பையும் நனைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள்.

துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கத்தலான் மணற்கரை இருக்கிறது. சிறியது, கோடையில் பத்து மணிக்கே நிரம்பிவிடும். 83-ஆம் எண் பேருந்து கோர்னிஷ் கடற்சாலை வழியாக பிராதோ கரைகளுக்குப் போகும். 1970-களில் மெட்ரோ தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய கரைகள் அவை. குழந்தைகளோடு போக இதுவே வசதி. நடுவழியில் மல்முஸ்கில் பாறையிலிருந்து நேரே ஆழ்நீரில் இறங்கலாம், நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும்.

பெருமழை பெய்த மறுநாள் பிராதோவில் குளிக்க வேண்டாம். வழக்கமாகத் திருப்பிவிடப்படும் உவோன் ஆற்றுநீர், மழையில் வழிந்து அழுக்கோடு இந்தக் கரையில்தான் கலக்கும். ஊதா நிறக் கொடி ஏற்றியிருந்தால் மாசு அல்லது ஜெல்லி மீன் என்று பொருள். சிவப்புக் கொடி என்றால் இறங்கத் தடை. பாறைக் கரைகளில் முள்ளெலி போன்ற கடல்முள்ளிகள் ஒட்டியிருக்கும், ஆகவே ரப்பர் காலணி அவசியம். ஜெல்லி மீன் பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பைகள் அதில் வெடிக்கும். கடல்நீரால் கழுவி, ஷேவிங் நுரையோ ஈர மணலோ பூசிக் காயவிட்டு, ஓர் அட்டையின் விளிம்பால் மெல்லச் சுரண்டிவிட்டு மறுபடி கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 112.

கரையில் பையையும் போனையும் விட்டுவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் நீரில் இறங்க வேண்டாம். தனியாக வந்தவர்கள், போனும் பணமும் கொள்ளும் நீர்புகாத சிறு பையை வாங்கி இடுப்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.