கனுப்பிடி வைக்கும் முறை

மாட்டுப் பொங்கல் காலையில், உடன்பிறந்தவர்கள் நன்றாயிருக்க வேண்டிப் பெண்கள் காக்கை குருவிக்கு வைக்கும் சாத உருண்டைகள்தான் கனுப்பிடி. முந்தின இரவே 2 கப் சாதத்தைக் குழைய வடித்து ஆறவிடுங்கள். உதிரிச் சாதம் பிடிக்க வராது. ஒரு பங்குக்கு அரை ஸ்பூன் மஞ்சள்தூள். இன்னொரு பங்கில் மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். கடைக் குங்குமம் வேண்டாம், காக்கை குருவி தின்னப்போவது அது. மிச்சம் தயிர்சாதம், மீந்த சர்க்கரைப் பொங்கலும் உண்டு.

குளிக்குமுன், பொங்கல் பானையில் கட்டிய மஞ்சளை எடுத்து வீட்டுப் பெரியவர் உங்கள் நெற்றியில் கீறிவிட வேண்டும். இதை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள், அந்த ஆசீர்வாதம் பெரிது. பிறகு மொட்டைமாடியில் கோலமிட்டு மஞ்சள் இலை விரித்து, "காக்காப்பிடி வச்சேன், கனுப்பிடி வச்சேன்" என்று சொல்லி, சாதத்தை உருண்டைகளாகப் பிடித்து வரிசையாக வையுங்கள். காற்றில் இலை புரளும்; ஓரங்களில் கரும்புத் துண்டு வைத்தால் நிற்கும். ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டுத் தலைக்குக் குளிக்கலாம். தூரத்திலிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு அன்றே போன் செய்யுங்கள்.